படகுக் கொட்டகை வளைவு

துறைமுக வாசலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போகிற கடலோரச் சாலை, முதலில் அலையைத் தடுக்கப் போட்ட வெறும் மண்கரை. பிறகு அதன்மேல் சரக்கு ரயில் ஓடியது. ரயில் நின்றதும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட வந்தார்கள். அவர்களோடு ரோலர்காரரும் வந்து சேர்ந்தார். முப்பதைத் தாண்டியும், கல்யாணப் பேச்சை எடுத்தாலே நழுவிவிடுகிற மனிதர்.

ஐஸ் ஃபாக்டரியைத் தாண்டியதும் ஒரு படகுக் கொட்டகை வழியை மறித்தது. அங்கே படகு ரிப்பேர் செய்யும் மேஸ்திரி, நாற்காலியைக் கொண்டுவந்து ரோலருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்மேல ஏத்திட்டுப் போங்க தம்பி.”

“நான் எதுக்குங்க ஏத்தப் போறேன்? எனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணும்,” என்று இவர் இன்ஜினை அணைத்தார்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை ரோலரை விட்டு நகரக் கூடாதென்று ரோலர்காரருக்கு ஆபீஸ் உத்தரவு. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரியின் மகள் எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வாங்க. ரோலருக்குக் காய்ச்சல் வராது, உங்களுக்கு வரும்.”

சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, அவளுக்குப் பலகையைப் பிடித்துக்கொடுத்தார். மறுநாள் மழை இல்லை, ஆனாலும் போனார். அப்புறம் தூரிகையும் கைக்கு வந்தது.

“கோடு போடச் சொன்னா அலை போட்டு வச்சிருக்கீங்க,” என்று அவள் அழித்துவிட்டு மறுபடி போடவைப்பாள். அதற்காகவே அவர் கோணலாகப் போட்டாரோ என்னவோ.

கடைசியில், கொட்டகையை விட்டுவிட்டுக் கடல் பக்கம் கல் கொட்டி, சாலையை வளைத்துக்கொண்டு போவதென்று முடிவானது. மேஸ்திரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ரோலர்காரர் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. வேலை தொடங்கியதும் அந்த வளைவையே உருட்டினார், உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். மேஸ்திரிக்கே பொறுக்கவில்லை.

“தம்பி, ரோடு தேஞ்சிடும். பொண்ணு கேக்கணும்னா இறங்கி வந்து கேளுங்க.”

இறங்கினார். கையில் ஒட்டியிருந்த தாரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“எனக்குச் சம்மதம்ப்பா. அவருக்கும் சம்மதம்தான்,” என்று உள்ளேயிருந்து அவளே முடித்துவைத்தாள்.

சாலை கலங்கரை விளக்கத்தைத் தொட்ட வாரத்தில் கல்யாணம். அதன்பின் அவர் எத்தனையோ ஊர்களில் சாலை போட்டார். ஆனால் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது, கல்யாணமான மறுநாள் மாலையைப் பற்றித்தான். ரோலரைத் துறைமுகத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருந்தது. புதுப்பெண்ணும் ஏறிக்கொண்டாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கிடங்குகள். நடுவே வண்டி அசைந்து அசைந்து போனது. கூடவே நடந்துவந்த மாமனார் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று இவர்களுக்காகக் காத்திருந்தார்.

“மாப்ள, இதவிட வேகமா போகாதா?”

“போகும் மாமா,” என்றார் ரோலர்காரர். வேகத்தை மட்டும் கூட்டவில்லை.