மெத்தைக்கடியில் நொச்சி

எங்கள் வீட்டுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி உண்டு என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அம்மா அதை அவ்வளவு கவனமாக மறைத்து வந்தாள். சாத்தூரை அடுத்த கிராமத்தில் அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். வாத்தியார் வீட்டில் மூட்டைப்பூச்சி என்று தெரிந்தால் ஞாயிறு ஆராதனையில் நிமிர்ந்து நின்று பாட முடியாது என்பது அவளுடைய கவலை. கொல்லை வேலியில் நின்ற நொச்சியைக் கொத்துக் கொத்தாக ஒடித்து மெத்தைக்கடியில் பரப்புவாள். கட்டிலின் இடுக்குகளில் வசம்புப் பொடியை அப்புவாள். இலை பச்சையாக இருக்கும்வரை பூச்சிகள் மரியாதையாக ஒதுங்கியிருக்கும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்தாள். ஏழாயிரம்பண்ணையில் ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. கூட அவருடைய தகப்பனார். கனத்த சரீரம், கனத்த குரல்.

அன்று காலையிலேயே அம்மா புது நொச்சி ஒடித்துப் போட்டுவிட்டாள். ஜெபம் பண்ணி எல்லோரும் மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"எங்க வீட்டுப் பொம்பளைக வேலைக்குப் போறதில்லை. படிச்ச வரைக்கும் போதும்" என்றார் பெரியவர்.

"அதுக்கென்ன, நீங்க சொன்னாச் சரிதான்" என்றார் அப்பா.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அத்தையை யாரும் கேட்கவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பெரியவர் சற்றுப் படுக்க விரும்பினார். துப்பட்டி விரிக்க அத்தை போனாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அவள் மெத்தையைத் தூக்கி, நொச்சி இலைகளை மொத்தமாக வாரி மடியில் கட்டினாள். ஈரத்துணியால் வசம்பையும் துடைத்தாள்.

"ஏன் அத்தை?"

"பெரியவுகளுக்கு இந்த வாசம் ஆகாது."

விருந்தாளி மேல் அவளுக்கு எம்புட்டு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் அதிக நேரம் படுத்திருக்கவில்லை. சட்டையைக் கையில் பிடித்தபடி, முதுகெல்லாம் தடித்துச் சிவக்க, வெளியே வந்தார். மாப்பிள்ளை மட்டும் வராந்தாப் பாயில் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை உலுக்கி எழுப்பினார்கள்.

"வாத்தியாரய்யா, வீட்டைச் சுத்தமா வச்சுக்கிடச் சொல்லுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு, பஸ்ஸே இல்லாத வெயிலில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

அம்மா நேராக உள்ளே போய் மெத்தையைத் தூக்கினாள். வெறும் பலகை. திரும்பி, கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தாள். அத்தையின் சேலை மடியில் பச்சைக் கறை.

"இலை போட்டியா இல்லையா?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

அத்தையின் நல்ல எண்ணத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"பழைய இலை, காஞ்சு போயிருந்திருக்கு. நாந்தான் பாக்கலை" என்றாள்.

அப்பா திட்டித் தீர்த்தார்.

அன்று சாயங்காலம் கொல்லையில் அத்தையை உட்காரவைத்து அம்மா தலை பின்னிவிட்டாள்.

"மதினி..." என்று தொடங்கிய அத்தை மேலே பேச முடியாமல் அழுதாள்.

"தலையை ஆட்டாம இரு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கல்யாணம் நின்றுபோனதற்குத்தான் அத்தை அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, இதைவிட நல்ல மாப்பிள்ளை சீக்கிரமே வருவார் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.