கொழுந்தன் குடித்த பாத்திரம்

எனக்கு இயல்பிலேயே அருவருப்பு அதிகம். ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்ல வந்தவள் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அடுத்தவர் எச்சில் பட்ட டம்ளரைத் தொடமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் இறங்கி நடந்துவிடுவேன். சுத்தம் சோறு போடும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தில் பாடமே ஆரம்பிப்பேன். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில், டீச்சர் வீட்டுத் தரையிலேயே சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எங்கள் போதகர் கிறிஸ்துவின் சாயலைப் பற்றிப் பேசினார். நாம் நாளுக்கு நாள் அவரைப்போல மாறிக்கொண்டு வருகிறோம், அவரை நேரில் பார்க்கும் நாளில் முழுவதும் அவரைப்போலவே ஆகிவிடுவோம் என்றார். கேட்கக் கேட்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து நின்று சத்தமாக ஜெபித்தேன். ஆண்டவரே, என்னை உம்முடைய சாயலாக மாற்றும், அதற்கு என்ன நேர்ந்தாலும் சரி என்றேன். சங்கத் தலைவி ரோஸ்லின் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஜெபம் என்றால் இதுவல்லவா ஜெபம் என்றார்கள். மறுரூபம் என்றால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், குரலில் ஒரு சாந்தம் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வாரமே பதில் வந்தது. நாற்றத்தோடு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி, சாமுவேல். லாரி டிரைவர். வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போய், அத்திபெலேயில் ஒரு லாரி ஷெட்டிலேயே பல வருஷமாகக் கிடந்தார். கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காத ஆள். வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார். அன்று மத்தியானம் அவரோடு வேலை செய்யும் இன்னொரு டிரைவர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் உட்கார வைத்தார். முகத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது. நான் கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. செத்த எலி நாற்றம்.

"அக்கா, ஷெட்டுல யாரும் பக்கத்துல படுக்க மாட்டேங்கிறாங்க. ரொம்ப பேஜாரா போச்சு. உங்க ஜனம்தானே, நீங்களே வெச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சாமுவேல் துண்டை அவிழ்த்தார். இடது கன்னத்தில் ஓட்டை. ஓட்டை வழியாகக் கடைவாய்ப் பல் தெரிந்தது. ஓரமெல்லாம் வெந்த மாமிசம்போல இருந்தது. சீழும் எச்சிலும் சேர்ந்து கழுத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கொல்லைக்கு ஓடிப்போய், சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புற்று, கத்தி வைக்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். இது தொத்துவியாதி இல்லை, பயப்படாதீர்கள், காலையும் மாலையும் புண்ணைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் போதும் என்றார். போதுமாம்! கழுவுகிறவள் யார்? என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் வந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றுகொண்டு, "பாவம்டா சாமு" என்பார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

சாமுவேலைப் பின்பக்கம் விறகுக் கொட்டகையில் படுக்க வைத்தேன். அவருக்கென்று ஒரு எனாமல் தட்டு, ஒரு எனாமல் லோட்டா. கொட்டகைச் சுவரில் தனி ஆணி அடித்து மாட்டினேன். கஞ்சியைக் கை உயரத் தூக்கி மேலேயிருந்துதான் ஊற்றுவேன். எங்களுக்குச் சாதி கிடையாது, தீட்டு கிடையாது என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசுகிற கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. நான் செய்ததற்கு மட்டும் சுகாதாரம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு புண்ணைக் கழுவுவேன். கழுவிவிட்டு கார்பாலிக் சோப்பு போட்டுக் கையைத் தேய்ப்பேன். கை வெடித்து ரத்தம் வந்தது, நாற்றம் மட்டும் போகவில்லை. சோற்றில் அந்த நாற்றம். தலையணையில் அந்த நாற்றம். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அதிலும் இருப்பதுபோல ஒரு பிரமை. கஞ்சியைக் குடிக்கும்போது பாதி கன்னத்து வழியாக வெளியே வரும். அந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டு நான் எங்கே சாப்பிடுவது? ஈஸ்டர் வருவதற்குள் எலும்பும் தோலுமாகிவிட்டேன்.

முழங்காலில் நிற்கும்போதெல்லாம் ஒரே ஜெபம். ஆண்டவரே, இந்த அருவருப்பை என்னைவிட்டு எடுத்துப்போடும். அது முடியாதென்றால் அந்த மனுஷனை எடுத்துக்கொள்ளும். இரண்டும் நடக்கவில்லை. எனக்கு ஆண்டவர்மேலேயே வெறுப்பு வந்தது. சாயல் கேட்டவளுக்குச் சாக்கடையைத் தருகிறவர் என்ன தகப்பன் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லத்தானே சாட்சி?

கடைசியில் என் வீட்டுக்காரரிடம், ஒன்று உங்கள் தம்பி இங்கே இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நாலு இடம் விசாரித்து, ஊருக்கு வெளியே திக்கற்ற நோயாளிகளை வைத்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் இடம் பிடித்தார். அங்கே ஒரே கூடத்தில் வரிசையாகப் பாயைப் போட்டு விட்டிருப்பார்கள், போனவர்கள் திரும்புவதில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். திங்கட்கிழமை வண்டி வருவதாக ஏற்பாடு.

சாமுவேலிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வார்த்தை சரியாக வராது, கன்னத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

"சரிங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை திருவிருந்து இருக்குதில்ல? அத மட்டும் வாங்கிட்டுப் போயிடறேன்."

போதகர் சில வாரமாக வந்து அவரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார். சாமுவேல் அவரிடம் பழையதையெல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். போதகர் டாக்டரையும் விசாரித்துவிட்டு, தாராளமாக வரட்டும் என்று சொல்லியிருந்தார்.

சபைக்குள் அது பரவிவிட்டது. எங்கள் சபையில் திருவிருந்துத் திராட்சரசத்துக்கு எல்லாருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம். பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியண்டை முதலில் ஆண்கள் வரிசை வரிசையாக முழங்காலிட்டு வாய் வைத்துக் குடிப்பார்கள், அதன்பிறகு பெண்கள். ஒவ்வொருவர் குடித்ததும் போதகர் விளிம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் சபைக் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட கோட்டு, பவுடர் வாசனை. காப்பி குடித்துவிட்டு, கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. எல்லாரும் வாய் வெக்கிற பாத்திரம். போதகர் ஐயா வீட்டுக்கே வந்து தனி டம்ளர்ல குடுத்துட்டா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. நீங்களே ஆணியில தனி லோட்டா மாட்டி வெச்சிருக்கீங்களே."

சீ என்று இருந்தது எனக்கு. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையதுதான். அதே சுகாதாரம், அதே நிம்மதி. என் வாயில் இருந்தவரை நியாயமாகத்தான் தெரிந்தது. இன்னொருவர் வாயிலிருந்து பவுடர் வாசனையோடு வந்தபோது சாமுவேலின் புண்ணைவிட மோசமாக நாறியது. கர்த்தருடைய பந்தியில் எச்சில் பார்க்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். நான் என்ன செய்வது, பெண்கள் பக்கம்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று கையை விரித்துவிட்டு எழுந்து போனார். அவர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கு என்மேலேயே குமட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சாமுவேலுக்குத் துவைத்த வேட்டி கட்டிவிட்டு அழைத்துப் போனோம். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த பெஞ்சு முழுவதும் அவருக்கே கிடைத்தது. ஆண்கள் எல்லாரும் போய் வந்த பிறகு, கடைசியாக, தனியாகப் போய் முழங்காலிட்டார். தலையை வலப்பக்கம் சாய்த்து, ஓட்டையைத் துண்டால் அடைத்துக்கொண்டு குடித்தார். அப்படியும் துண்டில் சிவப்பாக ஊறியது. முன் பெஞ்சில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

அடுத்து பெண்கள் வரிசை. முதலில் எழ வேண்டியது ரோஸ்லின் அம்மா. எழவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் தலையைக் குனிந்து பலமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போதகர் பாத்திரத்தோடு நிற்கிறார். பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சாமுவேலுக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுந்து தன் இடத்துக்குப் போகாமல், கிராதியைப் பிடித்தபடி அப்படியே மண்டியிட்டிருந்தார்.

அவருடைய முதுகைப் பார்த்தேன். எழுந்துபோய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். ஆண்கள் வரிசையில் ஒரு பெண் முழங்காலிடுவது எங்கள் சபையில் வழக்கமில்லை. ஆண்டவரே, இப்போதாவது எடுத்துப்போடும் என்று கேட்டேன். அவர் எடுக்கவில்லை. அந்த நாற்றம் பக்கத்திலேயே இருந்தது, பாத்திரம் வாய்க்கு வருவதற்குள் அடிவயிறு புரண்டது. பல்லைக் கடிக்கவும் முடியாது, குடிக்க வேண்டுமே. குடித்தேன். விழுங்கினேன். உள்ளே போனது போனபடி நின்றது.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பாதிப்பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்லின் அம்மா வரவில்லை. இப்போது வேறு சபைக்குப் போகிறார்களாம், அங்கே ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணமாம். சந்தோஷமாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், நாளைக்கு வண்டி வேண்டாம் என்றேன். சாமுவேலின் பாயை விறகுக் கொட்டகையிலிருந்து எடுத்து முன்னறையில் ஜன்னலோரம் போட்டேன். உங்கள் தம்பிக்கு ராத்திரியில் நீங்கள்தான் மருந்துத் துணி மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். முதல் நாள் அவரும் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தார். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு பழகிக்கொண்டார்.

சாமுவேல் கிறிஸ்துமஸ் வரை இருந்தார். எங்கள் வீட்டில், எங்கள் கையில், ஆண்டவருக்குள் கண்ணை மூடினார். அவரை அந்தக் கூடத்தில் கொண்டுபோய்ப் போடாமல் என்னைத் தடுத்தவருக்கு ஸ்தோத்திரம். இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் யாரும் தொடத் தயங்குகிற நோயாளி இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். போகிறேன். மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் போகிறேன்.

அருவருப்பு போய்விட்டதா டீச்சர் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், போகவில்லை. அதனால் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். என்னை உம்மைப்போல மாற்றும் என்று ஜெபிக்க பயப்படாதீர்கள். அழகான வார்த்தைகளில் ஜெபித்தாலும் பரவாயில்லை, அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்கிறார். முகத்தில் வெளிச்சம் வருமென்று மட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசி வாரத்தில் ஒரு காலை நேரம், அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அண்ணி, அங்க போனா எனக்குப் புது மூஞ்சி குடுப்பாராமே, நெசமா?" என்று கேட்டார்.

"உனக்கு மட்டுமா? எனக்கும்தான் வேணும். நான் மூஞ்சிய சுளிக்கிறத நீ பார்த்துட்டுத்தானே இருக்கே" என்றேன்.

"நீங்க சுளிச்சிக்கிட்டேதான் அண்ணி வர்றீங்க. ஆனா தெனமும் வந்துடறீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் வாயிலிருந்த கஞ்சி எல்லாம் கன்னத்து வழியாகக் கொட்டிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துணி கைக்கு எட்டவில்லை. வெறுங்கையாலேயே துடைத்து, அந்தக் கையை என் புடவையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கரண்டியை எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்குக் குமட்டவில்லை. அடுத்த நாள் மறுபடியும் குமட்டியது. ஆனால் அந்த ஒரு தரம் குமட்டவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆண்டவர் நம்மை மாற்றி முடிப்பார்.