பொன்னாடை தின்ற இடைவேளை

இதை எழுதும் யோசனை வந்தது மதுரையில், அறைக் கட்டிலில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தபோது. அமெரிக்காவில் ஒரு விடுமுறை நாள். இரண்டு கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் மோதும் கால்பந்தாட்டம். அவர்கள் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அது கிடக்கட்டும். வெள்ளையர் கல்லூரிகள் கதவைச் சாத்திய காலத்தில் எழுந்த கல்லூரிகள் இவை. இடைவேளை விட்டதும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இரு தரப்பு பேண்டு வாத்தியக் குழுக்களும் மைதானத்தில் இறங்கின. பாதிக் கூட்டம் அதற்காகவே வந்திருந்தது.

வீடியோவைத் தூத்துக்குடியில் எம்.ஏ. கடைசி ஆண்டு படிக்கும் என் தோழி ரோஷினிக்கு அனுப்பினேன். குரல் பதிவில் பதில் வந்தது: "ஏலே, இதே கூத்துதான் இங்கயும்! கிறிஸ்மஸுக்கு மறுநாள் எங்களுக்கும் தேரிக்காட்டு காலேஜுக்கும் மேட்ச். பிள்ளைகள சேத்து டிரம்ஸ் செட் போட்டிருக்கேன். இடைவேளையில பத்து நிமிசம் எங்களுக்கு. வந்து பாத்துட்டு எழுது."

கல்லூரிகளின் பெயரை எழுதினால் யார் பெயர் முதலில் என்று சண்டை வரும். விட்டுவிடுகிறேன். தேரிக்காடு என்பது தெற்கே உள்ள செம்மணல் மேட்டுப் பகுதி.

டிசம்பர் 26, காலை பதினோரு மணி. மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினேன். நூற்று நாற்பது கிலோமீட்டர். எட்டயபுரம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. தூத்துக்குடியில் இறங்கி, இருநூற்றைம்பது கேட்ட ஆட்டோவை இருநூறுக்குப் பேசி ஏறினால், துறைமுகச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் கன்டெய்னர் லாரிகள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மேட்சு ஆரம்பிச்சிரும்!"

"கப்பல் வந்திருக்கு தம்பி, இது இப்ப நவுராது. எறங்கி நடயும். எதுக்குப் பதறுதீரு? நோட்டீஸ் பாத்தீரா? வெளையாடுறவன் இருவத்திரெண்டு பேரு, வாழ்த்துறவன் முப்பது பேரு!"

அப்போது சிரித்தேன். இருநூறையும் கொடுத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்தேன்.

மாலை நான்கு மணி. மைதானம் உப்பளத்தை ஒட்டி இருந்தது. வாடைக் காற்று பந்தை அடிக்கடி பாத்திக்குள் தள்ளியது. யாராவது இறங்கி எடுத்துவரும்வரை ஆட்டம் நின்றது. முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளை. கோட்டோரம் ரோஷினியும் பதினோரு பெண்களும் தோளில் டிரம்மை மாட்டி நின்றார்கள். எதிர்க்கோட்டில் தேரிக்காட்டுப் பையன்களின் செட். நான் கேமராவைத் தூக்கினேன். ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்ததாக, நம் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி…"

மேடையில் ஒருவர் போர்த்தினார். போர்த்தப்பட்டவர் நன்றி சொன்னார், பிறகு போர்த்தியவருக்கே போர்த்தினார். துண்டுகள் தீர்ந்ததும் முதல் வரிசைத் தோள்களிலிருந்து உருவி, மடித்து, மறுபடி தட்டில் வைத்தார்கள். ஒருவர் தன் பள்ளிக்கூட நாட்களில் கோல் போட்ட கதையைத் தொடங்கினார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கேமராவை இறக்கினேன்.

எதிர்க்கோட்டிலிருந்து அவர்கள் டிரம் கேப்டன் ஐசக் கத்தினான்: "ஏளா ரோஷினி! உங்க ஆளுங்க பொன்னாடையாலயே கோல் அடிச்சிருவாங்க போல!"

"ஒங்க பிரின்சிபாலும் மேடையிலதாம்ல இருக்காரு! மூணாவது துண்டு அவருக்கு!"

விசில். இடைவேளை முடிந்தது. ஒரு குச்சிகூட டிரம்மில் படவில்லை.

இரண்டாம் பாதியை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டுக்கு ஒன்று, தேரிக்காடு ஜெயித்தது. ரோஷினி டிரம் வாரைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு மாசம் அடிச்சுப் பழகுனோம். பொங்கலுக்கு மறுநாள் அவங்க ஊர்ல மறு ஆட்டம். அதான் எனக்குக் கடைசி. அங்கனயும் இதே துண்டுதான் வரும்."

டீக்கடைக்கு ஐசக்கும் வந்தான். ஜெயித்த முகமே இல்லை. "எங்களயுந்தான் அடிக்க விடல. விருந்தாளி வாய அடைக்க இன்னொரு விருந்தாளியாலதான் முடியும். எங்க ஊரு மேட்சுக்கு எங்க மாமாதான் நோட்டீஸ் அடிக்காரு. பேரு ஒண்ணு சேக்கணும், அம்புட்டுத்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"நீ எழுதுறவம்லா? மதுரையில இருந்து வாரான்னு போட்டா போதும், மைக்க மொதல்ல ஒனக்குத்தான் தருவாங்க" என்றாள் ரோஷினி.

ஆகவே, பொங்கலுக்கு மறுநாள் தேரிக்காட்டில் சிறப்பு விருந்தினர் நான். ஒரு வெள்ளைச் சட்டை தேடிக்கொண்டிருக்கிறேன். உரை தயார். இடைவேளையில் மைக் கைக்கு வந்ததும், பொன்னாடை தோளில் விழுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்:

"ரோஷினி, ஐசக், அடிங்க!"

மைக்கைத் திருப்பித் தருவதாக இல்லை.