கோபிநாத்தை எனக்குத் தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் ரசம் நுரைத்துக்கொண்டு வருகிற நேரம் பார்த்து போன் அடித்தது.

"மேடம், ஸ்டேஷன்லேருந்து பேசறோம். ரிட்டயர்டு எச்.எம். மேடம்தானே?"

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு என்ன போன்? அடுப்பை அணைத்துவிட்டு, ஆமாம் என்றேன்.

"கோபிநாத்னு ஒருத்தரு போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு அப்ளை பண்ணியிருக்காரு. வாலிபால் கோச்சு. ரெஃபரன்ஸ்ல உங்க பேரக் குடுத்திருக்காரு. தெரிஞ்ச ஆளுதானே மேடம்? தெரியும்னு போட்டுக்கவா?"

'தெரியும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இல்லையா... "ஒரு நிமிஷம் சார்" என்றேன்.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் ஒரு மாதத்து அலுப்பு இருக்கிறது. சொல்கிறேன்.

அடி அண்ணாமலையில் ஒரு மைதானத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் பயிற்சி நடத்துகிறோம். பதினாலு பேர். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிறவர்கள். பௌர்ணமி அன்று மட்டும் கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்காக மைதானம் கார் பார்க்கிங் ஆகிவிடும், பயிற்சி கிடையாது. இதை ஆரம்பித்தவர் சிமென்ட் கடை வைத்திருக்கும் ஏழுமலை. ரிட்டயர் ஆகி வேங்கிக்கால் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என்னை, ரெண்டு வருடம் முன்பு கமிட்டிக்குள் இழுத்துப் போட்டவரும் அவர்தான். கோச் கோபிநாத் வந்து ஆறு மாதம் ஆகிறது. முப்பது வயது இருக்கும். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார். பந்து வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட பிள்ளைகள் இப்போது எகிறி அடிக்கிறார்கள்.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. ரெண்டு நாள், அங்கேயே தங்கவேண்டும். பெற்றோர்களைத் தன் கடைக்குக் கூப்பிட்டு ஏழுமலை விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் கௌரி எழுந்தார். கிரிவலப் பாதையில் சுண்டல் கடை போடுகிறவர். மகள் நந்தினி டீமில் இருக்கிறாள்.

"கூட யாருங்க போறாங்க?"

"கோச்சு போறாரும்மா."

"அவரு யாருங்க?"

"யாருன்னா... கோச்சும்மா!"

"அது தெரியுது சார். இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தாரு, என்ன பண்ணாருன்னு யாராவது விசாரிச்சீங்களா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"செங்கம் ரோட்ல மளிகைக் கடை வெச்சிருக்காரே, அவரோட மச்சான் பையன்மா. நல்ல குடும்பம்" என்றார் ஏழுமலை.

இதுதான் எங்கள் ஊர் வெரிஃபிகேஷன். யார் வீட்டுப் பையன்? பதில் கிடைத்ததா, முடிந்தது விசாரணை. மாமா மளிகைக் கடையில் சரியாக எடை போடுகிறார், ஆகவே மச்சான் பையனை நம்பிப் பெண் பிள்ளைகளை அனுப்பலாம்!

போன வருடம் ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா ஒருவர், பிள்ளைகளுக்கு ஒரு நாள் டிராயிங் சொல்லித்தர வந்தார். வந்ததும் வராததுமாகத் தன் ஊர் போலீஸ் கொடுத்த பேப்பரை எடுத்து நீட்டினார். "குழந்தைகளோடு இருக்கப்போகிறேன், கேட்பீர்களே" என்றார். நாங்கள் எங்கே கேட்டோம்? "பாவம், ஊர்ல என்னா கேஸோ" என்று ஏழுமலை என் காதில் சொன்னார். நானும் சிரித்தேன்... இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, கோபி மட்டும் இல்லை, நாம் எல்லோருமே போலீஸ் வெரிஃபிகேஷன் வாங்கிவிடலாம் என்று கமிட்டியில் சொன்னேன். பிடித்தது சனி.

"என்னா மேடம், நம்மளயே சந்தேகப்படறீங்க?"

"சந்தேகம் இல்லீங்க. விசாரிக்கறோம், அவ்ளோதான்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

இதே வசனத்தை மூன்று மீட்டிங்குகளில் பேசினோம். ஒரு தாய் கேட்ட நியாயமான கேள்வி, எப்படியோ ஏழுமலையின் மானப் பிரச்சினையாகிவிட்டது.

கோபி மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு ஃபைல்.

"அப்ளை பண்ணிட்டேன் மேடம். வர்ற வரைக்கும் இத வெச்சுக்கோங்க. இதுல எல்லாம் இருக்கு."

பிரித்தேன். லேமினேஷன் போட்ட ஒரு நன்னடத்தைச் சான்று. 'இவரைக் கடந்த ஐந்து ஆண்டுகளாக நேரில் நன்கு அறிவேன். நல்லொழுக்கம் உடையவர்.' கீழே பச்சை மையில் கையெழுத்து, சீல்.

என் கையெழுத்து!

முகத்தைப் பார்த்தேன். பேப்பரைப் பார்த்தேன். மறுபடி முகத்தைப் பார்த்தேன். இந்த ஆறு மாதத்துக்கு முன்னால் இவரை நான் பார்த்ததாக நினைவே இல்லை.

"நீங்க நம்ம ஸ்கூலாப்பா?"

"இல்ல மேடம், செங்கம். தெரிஞ்சவரு ஒருத்தரு கூட்டிட்டு வந்தாரு. பிரேயர் பெல் அடிச்சுட்டாங்க. நீங்க நின்னுகிட்டே போட்டுக் குடுத்தீங்க."

"இத எங்கெங்க குடுத்தீங்க?"

"வேலை பாத்த ரெண்டு ஸ்கூல்லயும் இதான் மேடம் குடுத்தேன். எச்.எம். கையெழுத்து இருக்குதுன்னு வேற எதுவும் கேக்கல."

அவர் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். எத்தனை பேருக்கு இப்படி நின்றுகொண்டே போட்டிருப்பேன்? பிரேயர் பெல்லுக்கும் முதல் பீரியடுக்கும் நடுவில் தினமும் ரெண்டு பேராவது வருவார்கள். டைப் அடித்தே கொண்டுவருவார்கள். பெயரைக்கூடப் படித்ததில்லை. மாட்டேன் என்றால், "பெரிய இவங்க, ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ பிகு" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே போட்டேன். ரிட்டயர் ஆன பிறகும் விட்டபாடில்லை. போன பொங்கலுக்குக்கூட எதிர்வீட்டுக்காரர், "பழைய தேதி போட்டுக் குடுங்க மேடம், போதும்" என்று வந்து நின்றார்.

கோபி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் நல்லவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு என்ன தெரியும்? அவர் சட்டை என்ன கலர் என்றுகூடத் தெரியாது.

இந்த யோசனையோடு இருக்கும்போதுதான் ஸ்டேஷனிலிருந்து அந்த போன். ஊரெல்லாம் சுற்றி விசாரணை கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறது!

"தெரியாதுங்க சார்" என்றேன்.

"என்னா மேடம், உங்க சர்டிபிகேட்டே வெச்சிருக்காரே?"

"அது ஆளத் தெரியாம எழுதுனது. ஆறு மாசமாத்தான் அவரத் தெரியும். வீட்டாண்ட போயி விசாரிங்க. முன்னாடி வேலை பாத்த ஸ்கூலுங்கள்ல கேளுங்க."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "லேட் ஆவும் மேடம். பௌர்ணமி பந்தோபஸ்து வேற ஜாஸ்தி."

ஆகட்டும் என்றேன். ஆனால் போட்டி காத்திருக்காதே!

விஷயத்தைக் கோபியிடம் நானே சொன்னேன். மைதானத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்து, திரும்பவும் போட்டார்.

"இத நான் வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மன்னிச்சுக்கோப்பா என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட விசில் ஊதினார். ஏழுமலை விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

கௌரி கடைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வெரிஃபிகேஷன் வர லேட் ஆகும், வேண்டுமானால் பிள்ளைகளோடு நான் போய்வருகிறேன் என்றேன்.

கௌரி சுண்டலைக் கிளறுவதை நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்களயும் எனக்கு ரெண்டு வருசமாத்தான் தெரியும்."

சுருக்கென்றது. ஆனால், என்ன தப்பு? இந்த ஒரு மாதத்தில் நான் கேட்ட ஒரே சரியான பேச்சு இதுதான்.

"நீங்களும் வாங்க, நானும் வரேன். பசங்க தங்கற ரூம்ல நாம ரெண்டு பேரும் படுத்துக்கலாம். அந்த தம்பி அங்க கிரவுண்டோட நிக்கட்டும், ரூம் பக்கம் வேணாம். போலீஸ் பேப்பர் மெதுவா வரட்டும்."

"போட்டி பௌர்ணமி அன்னிக்கும்மா..."

அவருக்கு மாதத்தில் நாலு காசு பார்க்கிற நாளே அதுதான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கரண்டியை எடுத்து மறுபடி கிளற ஆரம்பித்தார்.

"ஒரு பௌர்ணமிதானே மேடம். போனா போவுது."

இந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் வாசகர்கள் கவனத்துக்கு: அடி அண்ணாமலை தாண்டியதும் இடது பக்கம் வழக்கமாக இருக்கும் சுண்டல் கடை அன்று இருக்காது... காரணம், என் கையெழுத்து.