மூடச் சொன்னால் மூடாத வின்டோ

பிள்ளைகள் எழுதி அனுப்புவதைத் தட்டச்சு செய்து பத்திரிகையில் சிறுவர் பக்கம் போடுகிறவர்களுக்கு, திரையின் மூலையில் வின்டோவை மூடுவதற்கு இருக்கும் பெருக்கல் குறியைப் பார்த்தாலே பயம். உங்களில் பலருடைய ஒரு பிற்பகலையாவது அந்தக் குறி தின்றிருக்கும்.

நம்பித் தந்தது

மாத்தளை டவுனில் நவாஸ் நானாவின் போட்டோ கொப்பிக் கடைக் கணினியில்தான் என் வேலை. ஒரு பிள்ளையின் எழுத்துக்கு ஒரு டேப். ஒரு வாரத்துப் பக்கம் முழுவதும் ஒரே வின்டோவில். கடையில் நெரிசல் என்றால் நானாவும் அதே கணினிக்கு வருவார்.

ஒரு நாள் நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வின்டோவைக் காணோம். பல்லேபொலப் பிள்ளைகளின் கவிதைகளில் காலை முழுக்கத் திருத்தியதெல்லாம் போயிருந்தது. சேமிக்கவா என்று, நான் தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருள் கேட்டிருக்கிறது; நானா வழக்கம்போல வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார். அடையாள அட்டை, வழக்குக் கடிதம் என்று ஊர் இரகசியமெல்லாம் வந்து போகும் கடை அது. கோபத்தோடு போன என்னிடம் அவர் நிதானமாகச் சொன்னார்: "மத்தவங்க எழுத்து என் மெஷின்ல தங்கக் கூடாது மிஸ். நம்பித் தந்தது, அமானிதம்."

எழும்பாத விருந்தாளி

நானாவை மாற்றுவதைவிட எடிட்டரை மாற்றுவது சுலபம் என்று பட்டது. வின்டோ மூடாமல் தடுக்க வழி உண்டா என்று கணினி திருத்துபவர் ஒருவரைக் கேட்டேன். அப்படியொரு வசதி இல்லை, பார்த்து அழுத்துங்கள் என்றார். பிள்ளைகளுக்குப் புதிர் போட்டுப் பழகிய எனக்கு அது போதுமான விடையாகத் தெரியவில்லை.

எடிட்டரின் உதவிப் பக்கங்களை வரி வரியாகப் படித்தேன். அது திறக்கும்போதே வாசிக்கும் ஒரு கோப்பில் நம்முடைய கட்டளைகளையும் எழுதலாமாம். ஐந்தாறு வரிகள் எழுதினேன்: ஒன்றுக்கு மேற்பட்ட டேப் இருக்கும்வரை வின்டோவை மூடாதே. முதலில் ஒரே டேப் இருந்தபோதும் மூட மறுத்தது. ஒரு குறியை மாற்றினேன், சரியாயிற்று.

கடையில் டைப் செய்யும் மேரி வந்து பெருக்கல் குறியை நாலைந்து முறை குத்திப் பார்த்தாள். வின்டோ அசையவில்லை. "என்னா மிஸ் இது, சாப்பாடு போடாம எந்திரிக்க மாட்டோம்னு ஒக்காந்திருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு."

லக்கலயிலிருந்து ஒரு குரல்

ஷிஃபானா லக்கலப் பக்கம் சில்லறைக் கடை வைத்திருப்பவரின் மகள். வீட்டில் சிக்னல் இல்லாததால் வாப்பாவோடு ஒரு மேட்டில் ஏறி நின்று, தங்கள் கடைக்கு யானை வந்த கதையைத் தொலைபேசியில் சொன்னாள். தாளில் எழுதியிருக்கவில்லை; அந்த வாரத்து மற்றப் பிள்ளைகளின் டேப்களுக்குப் பக்கத்தில் புது டேப் திறந்து, அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். யானை நடமாடும் நேரத்துக்கு முன் அவர்கள் இறங்கியாக வேண்டும். இரண்டாம் முறை சொல்ல நேரமில்லை.

பாதிக் கதையில், தம்புள்ளைக்குப் போகும் லொறிக்காரர் ஒருவர் அவசரமாக ஒரு பிரின்ட் கேட்டு வந்தார். நானா என் தோளுக்கு மேலால் கையை நீட்டி மவுஸைப் பிடித்துப் பெருக்கல் குறியை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். வின்டோ மூடவில்லை; கதை திரையில் அப்படியே இருந்தது. அப்போதுதான் அவர் திரையைப் பார்த்தார். யானை கதவைத் தள்ளுகிறது, உம்மா மகளின் வாயைப் பொத்துகிறார் என்ற இடம். வாசித்துவிட்டு மவுஸை மெதுவாக விட்டார். "நிக்கட்டும் மிஸ், புள்ள சொல்லி முடிக்கட்டும். இவருக்கு நான் பக்கத்துக் கடையில எடுத்துக் குடுக்கிறேன்."

ஷிஃபானாவின் கதை அந்த வாரமே அச்சில் வந்தது; இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு, எந்தப் பிள்ளையும் வாசித்திராத, எடிட்டருக்கு எழுதிய அந்த ஐந்தாறு கட்டளை வரிகளைத்தான் திறந்து காட்டுகிறேன்.