‘ரைட்டு’ என்றார் கண்டக்டர்

போன வாரம் கடையில் அந்துருண்டை வாங்கினேன். இப்போது அது மல்லிகை வாசனையில்கூட வருகிறதாம். கடைக்காரத் தம்பி எடுத்து நீட்டினான். வேண்டாமப்பா என்று பழைய வெள்ளை உருண்டையையே கேட்டு வாங்கி வந்தேன். பீரோவில் போடலாம் என்று பொட்டலத்தைப் பிரித்ததும் கிளம்பிய வாசனை, என்னை நேராகக் கொண்டுபோய் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் நிறுத்திவிட்டது. அந்துருண்டைக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, நானே பல தடவை சிரித்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊரில் வாத்தியார் வேலை. நான் ஒருத்தன்தான் வாத்தியார், அதனால் நான்தான் தலைமை ஆசிரியரும். என் மனைவி சரோஜா மலையடிவாரத்து வடக்கனந்தல்காரி. கோமுகி அணை நிரம்பி நின்றபோது கூட்டிப்போய்க் காட்டினேன். "கடலு இத்தவிடப் பெருசாங்க?" என்று கேட்டாள். நானும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் வாத்தியார் இல்லையா, "ரொம்பப் பெருசு" என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. கடலைப் பார்க்க வேண்டும், அதுவும் முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அலையில் கால் நனைக்க வேண்டும்.

மலைக்கு அப்போது ஒரே பஸ். அதற்கு நம்பர் எல்லாம் கிடையாது, ‘நம்ம பஸ்’ என்பதுதான் பெயர். மேலே ஏறுகிற அதே பஸ்தான் இறங்கி வர வேண்டும். அதனால் யாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. "அண்ணே, சாமை மூட்டை கெடக்குது, திரும்பி வரும்போது எடுத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்டக்டர் ‘ரைட்டு’ என்பார். நான் பெட்டி, படுக்கை, ஒரு தடவை பள்ளிக்கூடத்துச் சாவியைக்கூட அப்படி விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். ஒன்றும் காணாமல் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பூரில் வந்து இறங்கினோம். சாயந்திரமே ரயில் ஏறியாக வேண்டும், திங்கட்கிழமை பள்ளிக்கூடம். பீச்சுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். சரோஜாவின் மடியில் துணிப்பை, பைக்குள் அந்த முகூர்த்தப் பட்டுப்புடவை. அந்துருண்டை நெடி தாங்காமல் முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வாங்கின டிக்கெட்டையும் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அவள் அந்தப் பையிலேயே பத்திரப்படுத்தினாள்.

மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடம் தெரிந்தது. "ஏங்க, இங்க எறங்கிப் பாத்துட்டுப் போலாமே" என்றாள். பையையும் எடுத்துக்கொண்டாள். எனக்குத்தான் அப்போது அறிவு பொங்கியது. "அத்த எதுக்குத் தூக்கிக்கினு வர? வண்டி திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்" என்று பையை வாங்கி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். இறங்கி நின்று, "அண்ணே, பை கெடக்குது, திரும்பி வரும்போது எடுத்துக்கறோம்" என்றேன். கண்டக்டர் ‘ரைட்டு’ என்றார். பஸ் போய்விட்டது.

அண்ணாந்து மாடிகளை எண்ணினோம். எனக்குப் பதினாலு வந்தது, அவளுக்குப் பதிமூன்று. மறுபடி எண்ணினோம். பிறகு திரும்பி வரும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போனோம். அந்த ரோட்டைக் கடந்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அங்கே நின்றபோதுதான் கவனித்தேன், வந்த பஸ்கள் எல்லாமே ஒரே நிறம். ஒவ்வொன்றிலும் கண்டக்டர் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். மூக்கின் மேல் மச்சம் இருந்தது என்பது மட்டும் நினைவில் இருந்தது.

மத்தியானம் தாண்டியதும், பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றவர் பொறுக்க மாட்டாமல் கேட்டார்.

"இன்னாபா, எத்தினி பஸ்ஸ வுட்டுட்ட? எங்கதான் போவணும்?"

"பீச்சுக்குங்க. எங்க பை இருக்கிற பஸ்ஸு திரும்பி வரணும்."

விவரம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரைட்டுன்னு சொன்னாருங்களே" என்றேன்.

"அது டிரைவருக்குச் சொன்னதுபா!"

சிரித்தவர் சரோஜாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஒரு பழத்தைக் கீறி, மிளகாய்ப்பொடி தூவி அவளிடம் கொடுத்தார். "டிப்போல போய்க் கேளு. பஸ்ஸு இன்னா நம்பரு?" என்றார். நம்பரை யார் பார்த்தது? டிக்கெட்டும் பையோடு போய்விட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார், பஸ்ஸின் நெற்றியில் இருந்த எண்ணைப் படிக்காமலே ஏறியிருக்கிறேன்.

வெயில் தாழ்ந்தது. கிழக்கிலிருந்து குளுகுளுவென்று காற்று வீசியது. கடல் காற்று என்றார் கொய்யாக்காரர். அதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம்தானாம். "வா சரோ, பை போனாப் போவுது. கடலையாச்சும் பாத்துட்டுப் போயிடலாம்" என்றேன்.

அவள் நகரவில்லை.

"நாம அந்தாண்ட போற நேரம் பாத்து அந்த அண்ணன் வந்துட்டா? பாவம், பைய வச்சிக்கினு நம்மள எங்கன்னு தேடுவாரு?"

ரயிலுக்கு நேரமாகும்வரை அங்கேயே நின்றோம். கடலைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம். சின்னசேலத்தில் இறங்கும்வரை அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல வருஷம் கழித்து மகன் சென்னையில் வேலைக்குப் போய்க் குடும்பத்தோடு குடியேறினான். ஒரு சாயந்திரம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். பேரப்பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்கள். சரோஜா மணலில் உட்கார்ந்து, எல்லாருடைய கைப்பைகளையும் மடியில் அள்ளி வைத்துக்கொண்டாள்.

"நீயும் வாயேன். இவ்ளோ தூரம் வந்துட்டு..." என்றேன்.

"நீங்க போங்க. பைங்களப் பாத்துக்க ஆளு வேணாமா?"

பக்கத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தது. "அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா, பாத்துக்குவாங்க" என்றேன்.

அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைகளின் வாரைக் கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டாள்.

"யாரங்க நம்ப முடியுது?" என்றாள்.

அன்றைக்கு அந்த பஸ்ஸோடு போனது ஒரு பட்டுப்புடவை மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.