சலவைக்கடை வாசலில் இரண்டு வரி

சலவைக்கடை அக்காவுக்குத் தெரு வைத்த பெயர் 'சுருக்கம்'. துணியில் அதை விட்டுவைக்க மாட்டாள். பேச்சில் அதை விடவே மாட்டாள். கணவரோ வாயைத் திறந்தால் மூட மாட்டார். வந்தவர்களை அவர் பேச்சில் பிடித்து வைப்பதற்குள் இவள் சட்டையைத் தேய்த்து மடித்திருப்பாள்.

ஒரு மழைநாளில், கடையை ஒட்டிய நிறுத்தத்தில் நின்றவர்மேல் பேருந்து சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது. 'இன்று விடுமுறை' எழுத வைத்திருந்த கரும்பலகையை அக்கா எடுத்தாள். எழுதி வாசலில் சாத்தினாள்:

"பேருந்தில் ஏறக் காத்திருந்தார். பேருந்துதான் அவர் சட்டைமேல் ஏறிப் போனது."

சேற்றோடு நின்றவரே அதைப் படித்துச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து தினம் ஒரு கதை. நடந்ததில் பாதியைத் தள்ளுவாள். மீதியிலும் பாதியைத் தள்ளுவாள். 'அழுதாள்', 'மகிழ்ந்தான்' எல்லாம் முதலிலேயே போய்விடும்.

"என்னடி, ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு!" என்பார் கணவர்.

"நின்னு படிக்கிறவங்களுக்கு பஸ் போயிடுமே" என்பாள்.

ஒருநாள் பலகையில் இப்படி இருந்தது: "தேய்த்த சட்டை மறுபடியும் தேய்க்க வந்தது. போட்டுக்கொள்ளத்தான் இன்னும் தைரியம் வரவில்லை."

மதியம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் படபடவென்று உள்ளே வந்தார். கையில் ஒரு நீலச் சட்டை.

"என்னக்கா, என் மானத்த வாங்கிட்டீங்களே!"

"உங்க பேரப் போடலையே தம்பி."

"போடாத சட்டைய வேற யாரு தேய்க்கக் கொடுப்பா?"

அந்த நேரம் பார்த்து எதிர் மருந்துக்கடைப் பெண் வாசலில் வந்து நின்றாள். தினமும் பலகையைப் படிப்பவள். "அக்கா, யாருக்கா இந்தச் சட்டைக்காரர்? பாவம், தைரியமா போட்டுக்கச் சொல்லுங்க."

கணவர் வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தாள். கண்ணாடிக்காரர் சட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

"நீங்களா! யாரப் பார்க்கப் போறதுக்கு?"

"உங்க கடைக்குத்தான்... தலைவலி மாத்திரை வாங்க."

"மாத்திரைக்கு இவ்வளவு இஸ்திரியா?" என்று கேட்டாள் அவள். கேட்டபிறகுதான் புரிந்தது, காதுவரை சிவந்துபோனாள்.

சில மாதங்களில் கல்யாணம் முடிந்தது. அதற்கப்புறம் ஒரு காலை இருவரும் துணி கொண்டுவந்தார்கள். "இவர் காலர நல்லாத் தேய்ங்கக்கா", "முதல்ல என்னோடதக் கொடுங்கக்கா" என்று வாசலிலேயே செல்லச் சண்டை.

அக்காவுக்கு எதைத் தள்ளுவதென்று தெரியவில்லை. எழுத எழுதப் பலகை நிரம்பி, கடைசி வரி மரச்சட்டத்தின்மேலும் ஏறிவிட்டது. படித்துப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். "இருவர் துணி. ஒரே பை" என்று எழுதிவிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றப் போனாள்.